1,500 ரூபாய் ஐஇஎம்-ல பேஸே இல்ல, 5,000 ரூபாய்க்கு டேக் வாங்கணுமா?

அடுத்த கேள்வி. ஐஇஎம்னா காதுத் துளைக்குள்ள மாட்டுற இயர்போன், டேக்னா போனோட டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான அனலாக் சத்தமா மாத்துற சாமான். "அண்ணா, 1,500 ரூபாய்க்கு ஒரு ஐஇஎம் வாங்கினேன். பேஸ் அள்ளும்னு சொன்னாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. பாடகிகள் குரல்ல ‘ஸ’, ‘ஷ’ வர்ற இடமெல்லாம் காதைக் குத்துது. போன்ல ஹெட்போன் ஜாக் கிடையாது, 150 ரூபாய் டைப்-சி கன்வெர்ட்டர் போட்டுக் கேக்குறேன். 5,000 ரூபாய்க்கு ஒரு டேக் வாங்கினா சரியாயிடுமா?" பெட்டியில இருக்குறதையும் எழுதியிருக்காரு: மின்தடை 24 ஓம், 1 மில்லிவாட் பவருக்கு 112 டெசிபல் சத்தம்.

வாங்காதீங்க தம்பி. முதல்ல அந்த 112 டெசிபல் கணக்கைப் பாத்துடுவோம். 24 ஓம்ல 1 மில்லிவாட் வரணும்னா தேவைப்படுறது சுமார் 0.15 வோல்ட். அவ்வளவுதான். அதுக்கே 112 டெசிபல் வந்துடும், காது தாங்காது. சாதாரண கன்வெர்ட்டர்கூட இதைவிட அதிகமாத்தான் குடுக்கும். அதனால பவர் பத்தாம பேஸ் குறையுதுங்கிற பேச்சு உங்க ஐஇஎம்-க்குப் பொருந்தாது. 300 ஓம் பெரிய ஹெட்போனுக்குச் சொன்னதை இதுக்கும் சேத்துச் சொல்லிட்டிருக்காங்க.

நீங்க ரெண்டு குறை சொல்றீங்க, எனக்கு அது ஒரே குறையாத்தான் படுது. பேஸ் காணாமப் போனா மிச்சம் இருக்குறது மேல் சத்தம் மட்டும்தான். அப்ப அது துருத்திக்கிட்டுத் தெரியும், குத்தும். பேஸ் எங்க போகுதுன்னா, ஐஇஎம் முனையில இருக்குற ரப்பர் இயர்டிப்புக்கும் உங்க காதுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு வழியா வெளிய போகுது.

சைக்கிள் பம்ப் நினைச்சுக்கோங்க. வாஷர் காய்ஞ்சு போன பம்ப்ல மெதுவா அழுத்தினா காத்து ஓரமாவே கசிஞ்சு போயிடும், டியூபுக்கு ஒண்ணும் ஏறாது. வேகமா வெடுக்குனு அடிச்சா கொஞ்சம் ஏறும், கசியறதுக்கு நேரம் இல்லைல்ல. காதுக்குள்ளயும் இதேதான் நடக்குது. 40 ஹெர்ட்ஸ் பேஸ்னா, ஐஇஎம்-க்குள்ள அதிர்ற சவ்வான டயாஃப்ரம் செகண்டுக்கு 40 தடவை மெதுவா தள்ளுது, அது கசிஞ்சுடும். 5,000 ஹெர்ட்ஸ் கசியறதுக்குள்ள காதுக்குப் போயிடும். தலைமுடி அளவு இடுக்கு போதும் இதுக்கு. மிருதங்கத்துல வலந்தலை ‘டிங்’குனு கேக்குது, தொப்பியோட கும்கி மட்டும் காணோம்னா, சீல் இல்லைன்னு, அதாவது டிப் காதை இடுக்கில்லாம அடைக்கலைன்னு அர்த்தம்.

சோதிக்க ஒரு வழி. யூடியூப்ல 40 ஹெர்ட்ஸ் டோன் போடுங்க, சத்தம் கம்மியா வைங்க. இப்ப ஐஇஎம்-ஐ விரலால லேசா உள்பக்கம் அழுத்துங்க. அழுத்தும்போது ‘ம்ம்ம்’னு கூடுச்சுன்னா சீல் ஆகல. அப்புறம் வாயை நல்லாத் திறந்து மூடுங்க. தாடை அசையும்போது காதுத் துளையோட வடிவமே மாறும், அப்ப சத்தம் ஏறி இறங்கினா ஒரு சைஸ் பெருசு போட்டுப் பாக்கணும். சரியா உக்காந்திருந்தா நீங்க பேசுறது உங்களுக்கே குடத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்கும், ஃபேன் சத்தம் அடங்கிடும்.

பெட்டியில டிப் மூணு சைஸ்ல வரும். நடு சைஸ் போட்டே வரும், யாரும் கழட்டறதே இல்ல. இடது காதும் வலது காதும் ஒரே அளவா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. இடதுல மீடியம், வலதுல லார்ஜ் போட்டுக்கலாம், தப்பே கிடையாது. மாட்டும்போது எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால கொண்டுபோய், காது மடலைப் பிடிச்சு மேலயும் பின்னாலயும் இழுங்க. துளை நேராகும். இந்தக் கையால ஐஇஎம்-ஐ லேசாத் திருகிக்கிட்டே உள்ள விடுங்க, அப்புறம் மடலை விடுங்க. ஒயர் காதுக்கு மேல சுத்தி வர்ற மாடல்னா அப்படித்தான் போடணும், கீழ தொங்கவிட்டா கோணம் மாறி சீல் போயிடும். உள்ள போகும்போது ‘கரக்’குனு பிளாஸ்டிக் பேப்பர் நசுங்குற மாதிரி ஒரு சத்தம் வரலாம். காத்தழுத்தத்துல டயாஃப்ரம் வளையுற சத்தம் அது. பயப்பட வேண்டாம், மெதுவா மாட்டுங்க.

மூணு சைஸும் ஒத்துவரலைன்னா ஃபோம் டிப் வாங்குங்க, டேக்கோட ஒப்பிட்டா சில்லறைக் காசு. விரலால ஊசி மாதிரி உருட்டி, உள்ள விட்டு, 20 செகண்ட் அப்படியே பிடிச்சுக்கணும், அதுக்குள்ள உப்பி துளையை அடைச்சுக்கும். மேல் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சுறதால உங்க குத்தலுக்கும் நல்லது. ஆனா எண்ணெய், வியர்வை பட்டா ரெண்டு மூணு மாசத்துல கெட்டியாயிடும், மாத்தணும். சிலிக்கானே வேணும்னா டிப்போட வாய் எவ்வளவு அகலம்னு பாத்து வாங்குங்க. வாய் அகலமா இருந்தா மேல் சத்தம் கூடித் தெரியும், சின்னதா இருந்தா மேல் சத்தம் அடங்கி பேஸ் முன்னால வரும். உங்களுக்குச் சின்ன வாய்.

டிப் மாத்தியும் ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மின்னா, டிப்பைக் கழட்டி முனையில இருக்குற வலையை வெளிச்சத்துல பாருங்க. அழுக்கு அடைச்சிருக்கும், இல்லைன்னா வியர்வை ஈரம் பூத்திருக்கும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஈரம்தான் அதிகம். அதனால எதையும் தொடாம, முதல்ல ஒரு ராத்திரி சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல மூடி வைங்க. காலையிலயும் அப்படியே இருந்தா, முனையைக் கீழ பாத்த மாதிரி பிடிச்சுக்கிட்டு, காய்ஞ்ச பழைய டூத்பிரஷால தட்டித் தட்டித் தேய்ங்க. கீழ பாத்த மாதிரி ஏன்னா, அழுக்கு வெளிய விழணும், உள்ள சத்தம் உண்டாக்குற டிரைவர் மேல விழக் கூடாது. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போகும். குண்டூசி கிட்டயே வரக் கூடாது. அழுக்கு இல்லாமலும் ஒரு பக்கம் கம்மியா இருந்தா, கழட்டி மாட்டுற ஒயர்னா இடது வலதை மாத்திச் செருகுங்க. குறை ஒயரோட போனா ஒயர், ஐஇஎம்-லயே நின்னா ஐஇஎம். அதுக்கும் முன்னாடி போன் செட்டிங்ஸ்ல ‘அக்சசிபிலிட்டி’க்குள்ள ஆடியோ பேலன்ஸ் நடுவுல இருக்கான்னு பாத்துடுங்க, பாதிப் பேருக்கு அது எங்கயாவது நகர்ந்திருக்கும்!

ஒயர் மாத்தினவங்க இன்னொண்ணும் பாக்கணும். ஐஇஎம்-ல செருகுற ரெண்டு பின் முனை ஒரு பக்கம் மட்டும் திரும்பி மாட்டினா பேஸ் மெலிஞ்சு தெரியும், குரல் நடுமண்டையில நிக்காம ரெண்டு பக்கமும் பரவி, எங்கயிருந்து வருதுன்னே தெரியாது. ஒரு செய்தி வாசிப்பைப் போட்டுக் கேட்டா உடனே தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி மாட்டுங்க. 

இப்ப உங்க 150 ரூபாய் கன்வெர்ட்டர். இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணுல குட்டியா ஒரு டேக் சிப் இருக்கும். இன்னொண்ணுல வெறும் ஒயர் மட்டும்தான், போனே அனலாக் சத்தத்தை டைப்-சி வழியா வெளிய அனுப்பணும். இப்ப வர்ற நிறைய போன்கள் அப்படி அனுப்பாது, அதுல வெறும் ஒயர் போட்டா சத்தமே வராது. உங்களுக்குச் சத்தம் வருதுங்கிறதால ஏதோ ஒரு வழியில வேலை செய்யுது. பாட்டு நிறுத்தினதும் ‘உஷ்ஷ்’னு இரைச்சல் கேக்குதா? செருகும்போது ‘டொப்’புனு அடிக்குதா? அப்படின்னா மாத்துங்க, ஆனா 5,000 ரூபாய்க்கு இல்ல, 1,000 ரூபாய்ப் பக்கத்துல வர்ற சாதாரண டாங்கிளே, அதாவது டேக் சிப் இருக்குற சின்ன கன்வெர்ட்டரே போதும். ஆப்பிளோட டைப்-சி அடாப்டர் நல்ல சாமான், ஆனா பல ஆண்ட்ராய்டு போன்கள்ல சத்தம் ரொம்பக் கம்மியா வரும். அடாப்டருக்குள்ள இருக்குற வால்யூமை ஆண்ட்ராய்டு முழுசா ஏத்தி விடாததுதான் காரணம். உங்க ஐஇஎம் இவ்வளவு சென்சிடிவ்வா இருக்குறதால ஒருவேளை சமாளிக்கலாம், மத்தவங்க யோசிச்சு வாங்குங்க.

கன்வெர்ட்டர்ல செருகுற ஜாக் பின் முழுசா உள்ள போயிருக்கான்னும் பாருங்க. அரைகுறையா நின்னா கிரவுண்டு, அதாவது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு, ஒட்டாது. அப்ப இடதுல இருந்து வலதைக் கழிச்ச சத்தம்தான் காதுக்கு வரும். ரெண்டு பக்கமும் சமமா இருக்குற குரலும் பேஸும் காணாமப் போய், ஓரத்து வயலினும் எக்கோவும் மட்டும் எங்கயோ கிணத்துக்குள்ள கேக்கும். கரோக்கி மாதிரி. ஜாக் இருக்குற போன்ல இதுக்குக் காரணம் பெரும்பாலும் தடியான பேக் கேஸ், இல்லைன்னா ஜாக்குள்ள சேந்த சட்டைப்பை பஞ்சு.

இதெல்லாம் முடிச்ச பிறகும் குத்தினா, பேஸ், மேல் சத்தம்னு தனித்தனியா ஏத்தி இறக்குற ஈக்வலைசருக்கு வாங்க, அதுக்கு முன்னாடி வராதீங்க. காரணம் இருக்கு. டிப் எவ்வளவு ஆழமாப் போகுதோ அதைப் பொறுத்து 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல சத்தம் எகிறுற முகடு இடம் மாறும். முதல்ல ஈக்வலைசர் போட்டு, அப்புறம் டிப் மாத்தினா எல்லாம் வீண்.

போன்ல வர்ற 5 பட்டை ஈக்வலைசர் பலதுலயும் 60, 230, 910, 3,600, 14,000 ஹெர்ட்ஸ்தான் இருக்கும். உங்க ‘ஸ’ குத்துறது அநேகமா 5,000-க்கும் 9,000-க்கும் நடுவுல. அங்க பட்டையே இல்ல! 3,600-ஐக் குறைச்சா குரல் போர்வைக்குள்ள போயிடும், 14,000-ஐக் குறைச்சா குத்தல் அப்படியே இருக்கும். அதனால எந்த ஹெர்ட்ஸ்ல, எவ்வளவு அகலத்துக்குன்னு நாமளே வைக்கிற பாரமெட்ரிக் ஈக்வலைசர் வேணும். ஆண்ட்ராய்டுல ‘பவர்ஆம்ப் ஈக்வலைசர்’ல பாரமெட்ரிக் இருக்கு. ‘வேவ்லெட்’ல உங்க மாடல் பேரைத் தேடினா அந்த மாடலுக்குன்னு ஏற்கனவே கணக்குப் போட்டு வெச்ச ஆட்டோஈக்யூ அளவுகள் தானா வந்து உக்காரும், ஆரம்பிக்க அது சுலபம். விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ‘ஈக்வலைசர் ஏபிஓ’, காசு கிடையாது.

கையால போடணும்னா, டோன் ஜெனரேட்டர்ல கம்மியான சத்தத்துல 3,000-ல இருந்து 10,000 வரைக்கும் மெதுவா நகர்த்துங்க. ஒரு இடத்துல சுருக்குனு எகிறும். அந்த எண்ணைக் குறிச்சுக்கோங்க, உதாரணத்துக்கு 5,500-ன்னு வைங்க. அங்க மைனஸ் 3 டெசிபல், க்யூ 2 (க்யூ கூடக் கூட மாத்துற இடம் ஒடுங்கும்). பேஸ் இன்னும் கொஞ்சம் வேணும்னா 100 ஹெர்ட்ஸ்ல லோ-ஷெல்ஃப் (அதுக்குக் கீழ இருக்குறதை மொத்தமா ஏத்துறது) பிளஸ் 4, க்யூ 0.7. இப்ப முக்கியமான வேலை: ஈக்வலைசர்ல மொத்தச் சத்தத்தையும் இறக்குற ப்ரீஆம்ப்பை மைனஸ் 4-ல வைங்க. எவ்வளவு ஏத்துனீங்களோ அவ்வளவு இறக்கணும். இப்ப வர்ற சினிமாப் பாட்டெல்லாம் டிஜிட்டல் உச்சத்தைத் தொட்டே வருது. அதுக்கு மேல 4 டெசிபல் ஏத்தினா அலையோட தலை வெட்டுப்படும், பறை அடி ஒவ்வொண்ணும் ‘டப்’புனு விழாம ‘டர்’ருனு கிழியும். ஐஇஎம் கிழிஞ்சுபோச்சுன்னு நினைப்பீங்க, தப்பு ப்ரீஆம்ப்ல இருக்கும். போன்ல டால்பி, ‘சவுண்ட் என்ஹான்ஸர்’ மாதிரி எது ஆன்ல இருந்தாலும் அணைச்சிடுங்க, ரெண்டு ஈக்வலைசர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரக் கூடாது.

பாட்டுக் கேக்குற ஆப்ல தரம் என்னன்னும் ஒரு பார்வை. ஸ்பாட்டிஃபை இலவசத்துல அதிகபட்சம் 160 கேபிபிஎஸ், ‘ஆட்டோமேட்டிக்’ல விட்டா நெட்டைப் பொறுத்து இறங்கிடும், ‘ஹை’ல பூட்டி வைங்க. டேட்டா சேவர் ஆன்ல இருந்தா பாட்டுத் தரமும் குறையும்.

100 மணி நேரம் ஓடவிட்டா பேஸ் திறக்கும்னு உங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்க. அந்த 100 மணி நேரத்துல மாறுறது பெரும்பாலும் உங்க காதோட பழக்கமும் டிப்பை மாட்டுற பக்குவமும்தான். அதை நம்பி திருப்பிக் குடுக்குற கெடுவை விட்டுடாதீங்க. டிப், வலை, பின், ஈக்வலைசர் எல்லாம் பாத்தும் குத்துனா அந்த டியூனிங் உங்க காதுக்கு ஒத்துவரலைன்னு அர்த்தம். கெடு முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க, அதே காசுக்கு வேற மாடல் எடுங்க. இன்னைக்கு ராத்திரியே 40 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, லார்ஜ் டிப்பை வலது காதுல மட்டும் மாத்திப் பாருங்க.