தாத்தா கட்டியதைப் பேரன் இடிக்கும்போது

(சென்னையில் கட்டுமானத் தொழில் குடும்பங்களின் இளைய தலைமுறையினர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பாரிமுனைப் பக்கம் போகும்போது உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. 1892-இல் திறந்த கட்டடம். வடிவமைத்த ஹென்றி இர்வின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் கட்டி எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரை எத்தனை பேருக்குத் தெரியும்? விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டியதும் அவர்தான். 1920-இல் கணித மேதை ராமானுஜன் தம் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் அவருடையதுதான்.

அவர் காண்ட்ராக்டர். நம் தாத்தாக்களில் பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள். வேலையை முடிப்பார்கள், அளவெடுப்பார்கள், பில் போட்டுப் பணம் வாங்குவார்கள். அப்புறம் அப்பாக்கள் காலத்தில் அடுக்குமாடி பிளாட் வந்தது, நாம் வீடு கட்டி விற்கும் புரமோட்டர் ஆனோம். செய்து முடித்த வேலைக்குப் பணம் வாங்கியவர்கள், இன்னும் எழும்பாத வீட்டுக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தோம். நம் தொழிலில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன். ஆனால் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போது இன்றும் மனை, வங்கிக் கணக்கு, நிறுவனத்தின் பெயர் இவற்றைத்தான் எண்ணிக் கொடுக்கிறோம். கட்டிய கட்டடங்களின் கோப்புகளை யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

இன்று நான் பேச வந்தது அந்தக் கோப்பைப் பற்றித்தான். மண் பரிசோதனை அறிக்கை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் வாங்கிய வரைபடம், எந்தத் தூணில் எத்தனை கம்பி என்ற கணக்கு, வேலை நடக்கும்போது சைட்டில் மாற்றியது என்ன என்ற குறிப்பு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. அது மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும். அவர் ஊருக்குப் போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பழைய பிளாட்டுகளில் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காங்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கினால் காங்கிரீட்டைத் தள்ளும். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அந்த இடைவெளியைப் பிடித்து வைப்பது கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை. காங்கிரீட் போடும் நாளில் செண்ட்ரிங் பலகை மேல் ஏறி நின்று, "கவர் பிளாக் வெச்சாச்சா?" என்று கேட்பது என் தாத்தாவின் வழக்கம். அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் நமக்கு விட்டுப்போனார்கள் என்று நினைக்கிறேன். கார்ப்பரேட் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க முடியாது.

2014 ஜூன் 28 அன்று சென்னையை ஒட்டிய மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த தொழிலாளர்கள். நாம் போடும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே மனிதர்கள் நிற்கிறார்கள்.

பிறகு வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்தது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சாவி கொடுத்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் நாமே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நல்ல சட்டம், முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் கட்டடம் 50 ஆண்டு நிற்கிறதே! மிச்சமுள்ள 45 ஆண்டுக்கு வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? குடும்பத் தொழில் என்று பெருமையாகச் சொல்கிறோம் இல்லையா, அந்தப் போனை எடுத்துப் பேசுபவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது மறுகட்டுமானக் காலம். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, 2019 விதிகளில் பொதுவாக 1.5-லிருந்து 2 ஆனது. 2022-இன் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டலாம். தி.நகரிலும் அடையாற்றிலும் தாத்தா கட்டியதை இடிக்கும் வேலை பேரனுக்கே வருகிறது. அங்கே இருக்கும் எழுபது வயதுப் பெரியவரிடம் நிலத்தில் அவருக்குள்ள பிரிக்கப்படாத பங்கான யுடிஎஸ் கணக்கை, கட்டி முடியும்வரையிலான வாடகையை, எத்தனை மாதம் வெளியே இருக்க வேண்டும் என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து விளக்குங்கள். உங்கள் தாத்தா அவரிடம் பேசி விற்ற வீடு அது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டுவிட்டது. பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்காதீர்கள், சைட்டுக்கு வாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மனையில் களிமண் எவ்வளவு ஆழம் போகிறது என்பது பக்கத்து மனையில் கட்டியவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிக்கை அவர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. நம் குடும்பங்கள் கையிலுள்ள பழைய மண் பரிசோதனை அறிக்கைகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ப்போம். எங்கள் குடும்பத்தினுடையதை இன்று கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. உங்கள் பட்டியலையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.