குக்கீ: ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தும்போது நடப்பது என்ன?

[திரையில்: கைபேசியில் ஒரு செய்தித் தளம் திறக்கிறது. பாதிப் பக்கத்தை மறைத்தபடி ‘இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது’ என்ற பெட்டி. பச்சை நிறத்தில் பெரிய ‘ஏற்கிறேன்’ பொத்தான்.]

வணக்கம். இந்தப் பெட்டி வந்ததும், செய்தியைப் படிக்க விட்டால் போதும் என்று பச்சைப் பொத்தானைத் தட்டிவிடுகிறோம். எதற்குச் சம்மதம் சொன்னோம்?

குக்கீ என்பது ஒரு சிறிய எழுத்துத் துணுக்கு. ஓர் இணையதளம் அதை உங்கள் பிரௌசரிடம், அதாவது குரோம், சஃபாரி போன்ற இணையம் பார்க்கும் செயலியிடம், கொடுக்கிறது. பிரௌசர் அதைப் பத்திரப்படுத்தி, அந்தத் தளத்தோடு பேசும் ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டுகிறது. அளவு பொதுவாக 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அது வைரஸ் அல்ல. உங்கள் போட்டோக்களைத் திறந்து பார்க்கவும் அதற்குத் தெரியாது.

[திரையில்: ஒரு குக்கீயின் விவரங்கள் பெரிதாக்கப்படுகின்றன.]

இதோ ஒன்று. மேலே ஒரு பெயர். அதற்கு நேரே, பூனை விசைப்பலகைமேல் நடந்ததுபோல் ஒரு நீண்ட எழுத்துக் கோவை. அடுத்து, இது எந்தத் தளத்துக்கு உரியது என்ற குறிப்பு. கடைசியில் காலாவதித் தேதி. ஒழுங்காகக் கட்டப்பட்ட தளமாக இருந்தால் உங்கள் பாஸ்வேர்டு இதில் இருக்காது.

இது ஏன் தேவைப்பட்டது? இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி என்ற முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு புடவையைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், அந்தத் தளத்துக்கு நீங்கள் புது ஆள். இந்தச் சிக்கலுக்குத்தான் 1994-இல், பிரௌசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுலி வழி கண்டார். எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் இணையக் கடை ஒன்றை உருவாக்க விரும்பியது. பாதியில் நிற்கும் கொள்முதல்களைத் தன் சர்வரில், அதாவது தளத்தை நடத்தும் கணினியில், சேமிக்க அதற்கு விருப்பமில்லை. பயனரின் கணினியிலேயே வைத்துவிடலாம் என்றார் மோன்டுலி. பெயரை, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் புரோகிராமர்களிடம் புழங்கிய ‘மேஜிக் குக்கீ’ என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டார்.

[திரையில்: கோயில் வாசல், செருப்புக் காப்பகம், எண் எழுதிய டோக்கன்.]

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள் அல்லவா? காப்பகத்தில் இருப்பவருக்கு உங்கள் முகம் நினைவிருக்காது. எண்ணைக் காட்டினால் செருப்பு வந்துவிடும். லாகின் குக்கீயும் அப்படித்தான்: உங்கள் விவரங்கள் தளத்தின் சர்வரில் இருக்கின்றன, உங்களிடம் இருப்பது எண் மட்டும். டோக்கனை வேறொருவர் எடுத்துப்போனால் செருப்பும் அவரோடு போய்விடும். லாகின் குக்கீயைத் திருடுகிறவனுக்கு உங்கள் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டீர்கள். ஆகவே பிரௌசிங் சென்டரில் ஜன்னலை மூடிவிட்டு எழுந்து வராதீர்கள். ‘வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டு வாருங்கள்.

இதுவரை சொன்னதில் வம்பு எதுவும் இல்லை. வம்பு அடுத்த வகையில்.

[திரையில்: செய்தித் தளத்திலிருந்து அம்புக்குறிகள் பல திசைகளில் கிளம்புகின்றன.]

ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். செய்தி ஒரு சர்வரிலிருந்து வருகிறது. ஓரத்து விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை வைத்துவிடுகிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. காலையில் மூட்டுவலி பற்றிப் படிக்கிறீர்கள். மாலையில் சமையல் குறிப்புத் தளத்துக்குப் போகிறீர்கள். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரப் பெட்டி இருக்கிறது. பிரௌசர் அதே எண்ணைக் காட்டுகிறது. ரசம் வைப்பது எப்படி என்று பார்க்கும்போது பக்கத்தில் மூட்டுவலித் தைலம் வந்து நிற்பது இப்படித்தான். இதற்கு அவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தேவையில்லை.

பொதுமக்களுக்கு இந்த விஷயம் பரவலாகத் தெரியவந்தது 1996 பிப்ரவரியில், ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகுதான். மறு ஆண்டு வந்த தொழில்நுட்ப நெறிமுறை, மூன்றாம் தரப்புக் குக்கீயை அனுமதிக்கக் கூடாது, அல்லது முன்னிருப்பாக (நாம் மாற்றாதவரை) முடக்கியாவது வைக்க வேண்டும் என்றது. பெரிய பிரௌசர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளம்பரப் பணம் உள்ளே வந்தபின் யார் கேட்பார்கள்?

சம்மதப் பெட்டிக்குக் காரணம் ஐரோப்பியச் சட்டம். 2009-இல் திருத்தப்பட்ட விதி சம்மதம் கேட்கச் சொன்னது. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை இறுக்கியது. கவனியுங்கள்: லாகினுக்கும் கூடைக்கும் அவசியமான குக்கீக்கு அங்கே சம்மதம் தேவையே இல்லை. பெட்டி கேட்பது பெரும்பாலும் மற்றவற்றுக்காக. ‘மறுக்கிறேன்’ என்பதை மங்கிய எழுத்தில், மூன்று திரைகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது வெறும் வடிவமைப்புக் கோளாறு என்று நான் நம்பவில்லை. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் நம்பவில்லை. ஏற்பதுபோல் எளிதாக மறுக்க முடியவில்லை என்பதற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

ஆப்பிளின் சஃபாரி 2020-இலேயே மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுதாகத் தடுத்துவிட்டது. தன் குரோமும் அவற்றைக் கைவிடப்போவதாக அதே ஆண்டு கூகுள் அறிவித்தது. தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

‘குக்கீயை கிளியர் செய்யுங்கள்’ என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னால், பெரும்பாலான தளங்களிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். பாஸ்வேர்டுகள் கைவசம் இருக்கட்டும். குக்கீயோடு சேர்த்துச் சொல்லப்படும் கேஷ் (cache) என்பது வேறு. படங்களையும் பக்கங்களையும் விரைவாகக் காட்டச் சேமித்துவைப்பது அது. கிளியர் செய்யும் திரையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்.

[திரையில்: குரோம் அமைப்புகள். விரல் ஒவ்வொன்றாகத் தொடுகிறது.]

குரோமில் அமைப்புகளுக்குள் போய், தனியுரிமை தொடர்பான பகுதியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வை இயக்குங்கள். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போல் ஓடும். ஏதாவது ஒரு தளத்தில் லாகின் முரண்டுபிடித்தால், தடையை மொத்தமாக நீக்க வேண்டாம். அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.