வினைச்சொல் யாருக்கு?

நண்பர்களே, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கூடியிருக்கும் அவையில் “நலமா?” என்று கேட்டுப் பயனில்லை. எல்லோரும் அழகாகத் தலையாட்டிவிடுவீர்கள். நமக்கு அது தொழில் பழக்கம்.

1974-இல் ‘பர்ன்அவுட்’ என்னும் பணிக்களைப்பு பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நோயாளிகளைப் பார்த்து அதை எழுதவில்லை. நியூயார்க்கில் பகலெல்லாம் தம் சொந்த ஆலோசனை அறை, இரவில் இலவச மருத்துவமனை என்று ஓடிக் களைத்த தம்மையும் உடன் உழைத்தவர்களையும் பார்த்துத்தான் எழுதினார்.

களைப்பையாவது ஒப்புக்கொள்கிறோம். தனிமையை? நாள் முழுக்க மனிதர்களோடு இருக்கிறோம். நோயாளிகளிடம் கேட்டதை வீட்டில் சொல்ல வழியில்லை. சாப்பிடும்போது “இன்றைக்கு என்ன நடந்தது?” என்றால், “ஒன்றுமில்லை, குழம்பு ஊற்று.”

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, எழுதி வைக்காமல் அந்தந்தக் கணத்தில் கதை கட்டும் நாடக விளையாட்டுக்காக எட்டுப் பேர் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக நின்றோம். ஆளுக்கு ஒரே ஒரு சொல்; சேர்ந்து ஒரு கதை. “பாட்டி” என்றார் ஒருவர். “நேற்று.” “கிணற்றில்.” நான் “விழுந்தாள்” என்று முடிவுகட்டிக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மூத்த மருத்துவர் நிதானமாக “யானையை” என்றார். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதன் தொல்லை இது. பாட்டியின் கதி என் வாயில். “குளிப்பாட்டினாள்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆலோசனை அறையில் கொடுப்பது நோயாளிகள், வாங்கிக்கொள்வது நாம். இங்கே நான் தருவதை இன்னொருவர் மறுக்காமல் வாங்கி, மேலே ஒன்று சேர்த்துத் திருப்பித் தருகிறார். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடத்தும் கலைஞர்களுக்கு இது புதிதல்ல. நம் துறைக்கும் அந்நியமல்ல: 1920-களில் வியன்னாவில் எழுதாத நாடகத்தை மேடையேற்றிய மொரேனோ ஒரு மருத்துவர். சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் வகுத்த இத்தகைய நாடக விளையாட்டுகளின் வேரோ, குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கான சமூகப் பணியில் இருக்கிறது.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நிற்கும் வரிசையைக் குறைக்காமல் நிர்வாகம் நமக்கு விளையாட்டு வகுப்பு மட்டும் நடத்தினால், அது ஏமாற்று. விருப்பமில்லாதவரை வட்டத்துக்குள் இழுக்கவும் கூடாது. நோயாளியின் கதை மேடைக்கு வரவே கூடாது.

சரி, முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்திருங்கள். முதல் சொல் என்னுடையது: “மாமா.”