ஒரு ஏவுகணைத் துண்டும் ராபர்ட் ஃபிஸ்க்கும்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ராபர்ட் ஃபிஸ்க்ங்கற போர்ச் செய்தியாளரப் பத்தி பேசப்போறேன், ரொம்ப நாளா மனசுல இருக்குற ஆளு.

1996 ஏப்ரல், தெற்கு லெபனான். மன்சூரின்னு ஒரு கிராமம். குண்டு வீச்சுக்குப் பயந்து ஒரு ஆம்புலன்ஸ்ல ஜனங்க அடைச்சுக்கிட்டு கிளம்புறாங்க, இஸ்ரேல் ஹெலிகாப்டர் அதுமேல ஏவுகணை விடுது, ரெண்டு பொம்பளைங்க நாலு சின்னப் பிள்ளைங்க அங்கயே போயிட்டாங்க. உள்ள ஹெஸ்புல்லாங்கற லெபனான் ஆயுத இயக்கத்து ஆள் இருந்தான்னு இஸ்ரேல் சொல்லிச்சு. மத்தவங்க செத்தவங்க எண்ணிக்கைய எழுதிட்டு அடுத்த நியூஸுக்குப் போயிருப்பாங்க. இந்த மனுஷன், அங்க கிடந்த ஏவுகணைத் துண்டுல ஒரு கோட் நம்பர் இருக்குறதப் பாத்து, அதப் புடிச்சுக்கிட்டே அமெரிக்கா ஜார்ஜியா மாநிலத்துல அதைத் தயாரிச்ச கம்பெனி வரைக்கும் போயிட்டாரு. அந்தக் கம்பெனி போயிங், அவங்க ஆளுங்க உக்காந்திருந்த டேபிள்ல அந்தப் பிள்ளைங்க போட்டோவ எடுத்து வச்சாரு. எனக்கு இத முதல்ல படிச்சப்போ கொஞ்ச நேரம் எதுவுமே ஓடல.

1946ல இங்கிலாந்துல பொறந்தவரு, 1976லருந்து பெய்ரூட்ல இருந்தாரு, முதல்ல டைம்ஸ், அப்புறம் 1989லருந்து இன்டிபென்டென்ட், ரெண்டும் லண்டன் பேப்பர். ஏன் மாறினாருன்னா, 1988ல அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரான் பயணிகள் விமானத்தச் சுட்டு 290 பேர் செத்தாங்கல்ல, அதப்பத்தி இவர் விசாரிச்சு எழுதினது டைம்ஸ்ல வரல, அந்தக் கோவம்தான்னு அவரே சொல்லியிருக்காரு. பின்லேடன மூணு தடவை நேர்ல பாத்துப் பேட்டி எடுத்திருக்காரு.

நடுநிலைன்னு ஒண்ணு சொல்வோம்ல, ரெண்டு பக்கத்துக்கும் சரிபாதி இடம் குடுக்கணும்னு, அத அவர் ஒத்துக்கவே மாட்டாரு. அடிமை வியாபாரத்தப் பத்தி எழுதுறவன் கப்பல் கேப்டனுக்குப் பாதி பக்கம் குடுப்பானா, சங்கிலில கிடக்குறவங்ககிட்டதானே போய்ப் பேசுவான்னு கேப்பாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. 2001 டிசம்பர்ல பாகிஸ்தான் எல்லைகிட்ட ஆப்கான் அகதிகள் அவரையே கல்லால அடிச்சு மூஞ்செல்லாம் ரத்தம், அப்பவும், அமெரிக்கா குண்டுல சொந்தங்களப் பறிகொடுத்தவங்க, அவங்க எடத்துல நான் இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்னு எழுதினாரு.

ஆனா சிரியா விஷயத்துல எனக்கு அவர் மேல வருத்தம் இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். 2018ல அங்க டூமாங்கற ஊர்ல ரசாயனத் தாக்குதல் நடந்துச்சுன்னு செய்தி வந்தப்போ, ஊரு சிரியா அரசாங்கம் கைக்கு வந்தப்புறம் இவர் உள்ள போயி, ஒரு டாக்டர் பேச்ச வச்சு, ஜனங்க விஷவாயுவால இல்ல, புழுதிலதான் மூச்சுத் திணறினாங்கங்கற மாதிரி எழுதினாரு, அந்த டாக்டர் அன்னைக்கு ராத்திரி அங்க நேர்ல இருந்தவரு இல்ல. மறுவருஷம் சர்வதேச ரசாயன ஆயுதத் தடை அமைப்பு, குளோரின்ங்கற விஷவாயுவப் பயன்படுத்தியிருக்காங்கன்னு நம்புறதுக்கு நியாயமான ஆதாரம் இருக்குன்னு அறிக்கை குடுத்துச்சு. அங்க ரெண்டு மஞ்சள் கேஸ் சிலிண்டர் கிடந்துச்சு மக்களே. ஒரு இரும்புத் துண்டுக்காக கடல் தாண்டிப் போனவரு, அந்த சிலிண்டர் எங்கருந்து வந்துச்சுன்னும் அதே மாதிரி விடாம தொரத்தியிருக்கக் கூடாதா?