வெள்ளம் வருமுன் அணை: வாய்க்கால் முகத்தில் ஒரு மிதவை

(பொதுக்கூட்ட உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் உள்ளாட்சி உறுப்பினர் பெருமக்களே, அலுவல்களை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர் அவர்களே, சுகாதார அலுவலர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசிவிட்ட செயலாளர் அவர்களே, தூய்மைப் பணியாளர் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தூய்மைப் பணியாளர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். இன்றைய பொருளைப் பற்றி இந்த அவையில் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். முன்னால் இடம் காலியாக இருக்கிறது, வரச் சொல்லுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். குப்பை பெரிய நீரில் சேருமுன் மறிப்பது ஒன்று. மறித்ததை எண்ணி எழுதிவைப்பது இரண்டு. அந்தப் பொருளைச் செய்து விற்றவர்களிடம் கணக்குக் கேட்பது மூன்று. மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: வெள்ளம் வருமுன் அணை போடு.

ஒரு கதை கேளுங்கள். கதை என்றாலும் நடந்தது. 1992 ஜனவரி 10ஆம் தேதி. ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டக்கோமா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று வட பசிபிக்கில் புயலில் மாட்டிக்கொண்டது. 12 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றுக்குள் குழந்தைகள் குளிக்கும்போது விளையாடும் பிளாஸ்டிக் பொம்மைகள், 28,800. மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு நிற பீவர் என்னும் நீர்விலங்கு. அட்டைப் பெட்டிகள் ஊறிக் கரைந்துபோயின. பொம்மைகளின் உடம்பில் ஓட்டை கிடையாது. தண்ணீர் புக வழியில்லை. மூழ்காமல் கிளம்பிவிட்டன ஊர்வலம்! பத்து மாதம் கழித்து, சுமார் 3,200 கிலோமீட்டர் தள்ளி, அலாஸ்காவின் சிட்கா கடற்கரையில் வாத்தும் தவளையும் கரையேறத் தொடங்கின. கர்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியல் அறிஞர் கரையோரம் நடப்பவர்களிடமெல்லாம் எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வட பசிபிக்கின் வடபுறத்து நீரோட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பதை அந்தப் பொம்மைகளை வைத்தே கணக்கிட்டார். சிட்காவில் தப்பிய வாத்து அடுத்த சுற்றில் மறுபடி அந்தப் பக்கம் வந்திருக்கலாம், யார் கண்டது? சிரிக்கிறீர்கள், சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அதைத் துரத்திப் பிடிக்க எந்த அரசாலும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். கன்டெய்னர் கப்பலில் கட்டியிருந்தவரை அது ஒரு பெட்டி. விழுந்தபின் அதற்கு எல்லை பசிபிக் பெருங்கடல்.

நம் குப்பை அந்த நிலைக்குப் போகுமுன் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடந்தாக வேண்டும்: மழைநீர் வாய்க்கால் ஆற்றிலோ ஏரியிலோ சேரும் முகம். அங்கே அகலம் ஐந்தாறு மீட்டர். வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், அணை போட வேண்டிய இடம் அதுதான். கரையைச் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொண்டு போகிற ஞாயிற்றுக்கிழமை விழாக்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மழை பெய்தால் கரை பழையபடி ஆகிவிடும். என் வேண்டுகோள் எல்லாம் வாய்க்கால் முகத்துக்கு ஒரு மிதவைத் தடுப்பு.

செய்முறைக்கு வருகிறேன். முதல் வேலை நீரின் வேகத்தை அளப்பது. மூடி போட்ட பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்பி விடுங்கள். காலி பாட்டிலென்றால் காற்று தள்ளிக் கணக்கு கெடும். 10 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். நீரோட்டத்துக்கு நேர்குறுக்காகக் கட்டிய மிதவை, நொடிக்கு சுமார் 35 சென்டிமீட்டர் வேகத்துக்கு மேல் தாங்காது. இது எண்ணெய்க் கசிவைத் தடுப்பவர்கள் பட்டுக் கண்ட கணக்கு. அதற்கு மேல் போனால் பொருள் அடியில் நுழைந்து போய்விடும். உங்கள் பாட்டில் 28 நொடிக்குள் வந்துவிட்டால் நேர்குறுக்காகக் கட்டாதீர்கள். ஓட்டத்தின் திசைக்கு 30 பாகை சாய்வாகக் கட்டுங்கள். மிதவையை நேராகத் தாக்கும் வேகம் பாதியாகும். குப்பையும் சறுக்கிக்கொண்டு ஒரு கரைக்கு வந்து சேரும். ஆனால் நீளம் இரட்டிப்பாகும்: 6 மீட்டர் வாய்க்காலுக்கு 12 மீட்டர் மிதவை.

மிதவைக்கு இருமுனையும் அடைத்த தடித்த குழாய் போதும். அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையைத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் சங்கிலியைக் கோத்துவிடுங்கள். எடை இல்லாத வலையை நீர் தூக்கிவிடும். வலை தரையைத் தொடக்கூடாது, மீனுக்கு வழி வேண்டும். மலிவாகக் கிடைக்கிற பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். வெயிலில் நார்நாராக உதிர்ந்து அதுவே நுண்பிளாஸ்டிக் ஆகும்.

பொறியாளர் அவர்கள் கேட்கப்போகும் கேள்வி தெரியும்: அடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் ஏறினால்? நியாயமான கேள்வி. நீர் வரும் பக்கத்து மேல்முனையை உறுதியான முளையில் கட்டுங்கள். குப்பை சேரும் கீழ்முனையை மட்டும், வெள்ளத்தில் அறுந்துபோகிற சன்னக் கயிற்றால் கட்டுங்கள். பெருவெள்ளத்தில் அது அறும், மிதவை ஒரு கரையோரம் ஒதுங்கி வழிவிடும். அன்றைய குப்பை போகும், தெரு பிழைக்கும். இரு முனையையும் இரும்புக் கம்பியால் கட்டினால் பொறியாளர் பயந்தது நடக்கும்.

மிதவையால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் புகுந்த பெட் பாட்டிலும் பி.வி.சி துண்டும் மூழ்கி அடியில் போய்விடும். பாலித்தீன் பை, பாட்டில் மூடி, மூடி போட்ட காலி பாட்டில் மிதக்கும், மாட்டும். சாக்கடை நீரையும் சாயக் கழிவையும் எந்த வலையும் நிறுத்தாது. அவற்றைக் கொண்டுவரும் குழாய்களை வேறு வழியில்தான் அடைக்க வேண்டும்.

கட்டுவது எளிது, காலி செய்வதில்தான் பெரும்பாலான ஊர்கள் தோற்கின்றன. வறண்ட காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழைதான் தெருவைக் கழுவிக்கொண்டு வரும். எனவே மழைக்கு முந்தைய நாள் வலை காலியாக இருக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை என்பது இங்கேயும் பொருந்தும். வாரியெடுத்ததைக் கரையில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். நீளக் கைப்பிடி வாரியால் கரையிலிருந்தே இழுங்கள், யாரும் நீரில் இறங்கவேண்டாம். கையுறையும் முழங்கால் பூட்ஸும் கட்டாயம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் வரும், சுகாதார அலுவலர் அவர்கள் தலையசைக்கிறார்கள். ஆகாயத்தாமரையும் இலைதழையும் எடையில் பெரும்பங்கு என்பதால் அவற்றைத் தனியே எடை போடுங்கள்.

ஆகாத காரியம் என்று நினைக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் க்வினானா நகரம் 2018இல் இரண்டு வடிகால் குழாய் வாய்களில் வலைப் பைகளைக் கட்டியது. சில மாதங்களில் 370 கிலோ குப்பை அதில் தங்கியது.

இரண்டாவது செய்தி, எண்ணுவது. 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் 2,800 பேர் கூடிக் குப்பை எடுத்தபோது, எடுத்ததை வகைவகையாகத் தாளில் குறித்தார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணி அங்கே தொடங்கியது. பல ஆண்டுகள் அந்தப் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுக்கு. அதன் வடிகட்டியும் பிளாஸ்டிக்தான்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் அவர்கள் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது செய்திக்கு இன்னொரு மேடை தருவார்கள் என்று நம்புகிறேன். பொறியாளர் அவர்கள் கிளம்புமுன் அனுமதி விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிடலாம். அதில் வாய்க்கால் அகலம், ஆழம், 10 மீட்டருக்கான நொடி ஆகிய மூன்றும் நிரப்பப்படாமல் இருக்கின்றன. அளவு நாடா மேசைமேல் இருக்கிறது. காலி செய்ய ஒரு தடவைக்கு நான்கு பேர் வேண்டும், மழைக்காலத்துக்கு மட்டும் இரண்டு அணி. வாசலில் முறைப் பட்டியல் வைத்திருக்கிறோம். பெயரோடு எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.