பெரிய கடைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு
(குன்னூரில் இளைஞர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பச்சைத் தேயிலை விலையை நம்பியிருக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் கடை வேலைக்குப் போவது நம் மலையில் புதிய செய்தியல்ல. சிலர் ஊட்டி கமர்ஷியல் சாலையிலேயே வேலை தேடிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவையின் கிராஸ்கட் சாலைக்கும் ஒப்பணக்கார வீதிக்கும் போகிறார்கள். போகிறவர்களில் பலர், வாடிக்கையாளரிடம் இனிமையாகப் பேசத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பேச்சு வேண்டியதுதான், ஆனால் பெரிய கடையின் வேலையில் பெரும்பகுதி சரக்கைக் கையாளுவதே.

காலையில் லாரி வந்ததும் பெட்டிகளை இறக்கி, பில்லோடு ஒப்பிட்டு எண்ணி, குடோனில் அடுக்கி, அங்கிருந்து ரேக்குக்குக் கொண்டுவர வேண்டும். காலாவதித் தேதி அருகில் உள்ளதை முன்னேயும் புதிதாக வந்ததைப் பின்னேயும் வைக்க வேண்டும். அவசரத்தில் இதை மாற்றி வைத்தவர் யார் என்பது, பழைய சரக்கு கழிவாகும் நாளில் தெரிந்துவிடும். கணினியில் ஆறு என்றிருக்கும் பொருள் ரேக்கில் நான்குதான் இருந்தால், மீதி இரண்டு திருட்டா, உடைசலா, தவறான பார்கோடா என்று தேடிக் கண்டுபிடிப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் பில்லிங் கவுன்ட்டரைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் குடோனில் தொடங்குங்கள் என்பேன். சரக்கை அறிந்தவரைத்தான் பிறகு சூப்பர்வைசராக்குகிறார்கள்.

அடுத்தது கால்வலி. ஸ்வெட்டரோடு வளர்ந்த நமக்கு ஏ.சி. குளிர் ஒன்றும் செய்யாது. நாள் முழுவதும் நிற்பதுதான் முதல் சில வாரங்களை மிகக் கடினமாக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று சொல்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது சலுகை அல்ல, உங்கள் உரிமை. ஆனாலும் நடைமுறையில் கடைக்குக் கடை வேறுபாடு உண்டு என்பதால், சேருவதற்கு முன் ஒருமுறை வாடிக்கையாளரைப் போல உள்ளே போய், ஊழியர்கள் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊட்டியிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல், மே சீசனில் வரும் பயணிகள் கவுன்ட்டரில் நின்று பிளாஸ்டிக் கவரும் சிறிய தண்ணீர் பாட்டிலும் கேட்பார்கள். இந்த மாவட்டத்தில் அவற்றுக்குத் தடை உண்டு என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் கோபப்படாமல் ஒரே நாளில் எத்தனையோ முறை சொல்ல நேரும். இது எரிச்சலூட்டும் வேலைதான், மறைக்க விரும்பவில்லை.

விடுப்பைப் பற்றியும் தெளிவாக இருங்கள். ஊரே கொண்டாடும் நாளில்தான் கடைக்கு வியாபாரம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விடுப்புக் கிடைப்பது அரிது. ஹெத்தையம்மன் பண்டிகையோ புத்தாண்டு, பொங்கல் விற்பனையை ஒட்டி வரும். ஆகவே படுகர் வீட்டுப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

சம்பளத்தில் பிடித்தம் கண்டு பலர் கலங்குகிறார்கள். 12,000 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளமாகக் கணக்கிடப்பட்டால், இ.எஸ்.ஐ. என்னும் ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதமாக 90 ரூபாயும், பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 1,440 ரூபாயும் பிடிப்பார்கள். அது நட்டமல்ல, நிர்வாகமும் தன் பங்கைச் செலுத்துகிறது, இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்கள் குடும்பத்துக்கும் பயன்படும். கலங்க வேண்டியது, பிடித்துக்கொண்டு கணக்கில் கட்டாமல் விடும்போதுதான். பி.எஃப். கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் ஏறுகிறதா என்று கைப்பேசியிலேயே பாருங்கள். கல்லாவில் பணம் குறைந்தால், உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே நிர்வாகம் எதையும் பிடிக்கலாம். ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் முன்னிலையில் எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுங்கள்.

பெற்றோர்களே, மகளைக் கோவைக்கு அனுப்பும்போது சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேலை என்றால் அவளுடைய எழுத்துமூலச் சம்மதம் வாங்கப்படுகிறதா, விடுதி வரை வண்டி உண்டா, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்களைச் சேரும் நாளிலேயே அவள் குறித்துக்கொள்ளட்டும்.