தியானத்துக்கு எங்களை ஏன் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறியள்?

வணக்கம் உறவுகளே, முல்லைத்தீவில இருந்து திரும்பவும் நான்தான். இண்டைக்குச் சமையலும் இல்லை, தோட்டமும் இல்லை. நல்ல கொதியில இருக்கிறன், கேளுங்கோ.

கோயில் அக்கா ஒராள் ஒரு ஜெபத் தியானத்தின்ர லிங்க் அனுப்பினவ. உங்களை நீங்களே மன்னியுங்கள் எண்டு தலைப்பு. நல்ல விசயம்தானே எண்டு அதுக்கெண்டே ஒரு ஹெட்செட் வாங்கினன். கடைக்காரர் 1,200 எண்டார். நான் 800 எண்டன். அவர் 1,100க்குக் கீழ அசையேல்ல. வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினன், உடன "தங்கச்சி, 850க்குக் கொண்டு போங்கோ" எண்டார். பழைய வீடியோ பாத்த ஆக்களுக்குத் தெரியும், நான் ஸ்டாண்டைத் தட்டினால் விலை இறங்கும்! ஒரு பக்கக் காது மெல்லமாத்தான் கேக்குது. பரவாயில்லை, 850 தானே.

சரி, விசயத்துக்கு வாறன். பின்னால புல்லாங்குழல். ஜெபத்துக்குள்ள புல்லாங்குழல் எனக்கு அறவே பிடிக்காது. "கண்களை மூடுங்கள். அமைதியான கடற்கரையில் அமர்ந்திருக்கிறீர்கள். அலைகள் உங்கள் பாரத்தைக் கொண்டு செல்கின்றன" எண்டு ஒரு குரல்.

எங்களுக்கோ இதைச் சொல்லுறியள்? 2004 மார்கழி 26 அலை என்னத்தைக் கொண்டு போனது எண்டு இஞ்ச ஆரையும் கேளுங்கோ. 2009 வைகாசி, முள்ளிவாய்க்கால். அதை நான் விரிக்கேல்ல. பக்கத்து வளவு அம்மா இண்டைக்கும் "நான்தானே கையை விட்டனான்" எண்டு சொல்லிக்கொண்டுதான் அரிசி புடைப்பா. அவவைக் கடற்கரையில இருத்தி, உன்னை மன்னி எண்டால் சரிவருமே?

ஆ, சொல்ல மறந்திட்டன், "இப்போது மௌனம்" எண்ட இடத்தில தலை எண்ணெய் விளம்பரம் வந்து கத்தினது!

நாள் முடிய மனசைத் திரும்பிப் பாக்கிற எங்கட பழைய ஆத்தும சோதனை ஜெபமே எனக்குக் காணும். இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் அதை ஐஞ்சு படியாச் சொல்லி வச்சவர். முதல் நன்றி. பிறகு வெளிச்சம் தா எண்டு கேக்கிறது. அதுக்குப் பிறகுதான் நாளைத் திரும்பிப் பாக்கிறது, மன்னிப்பு, நாளைக்கு என்ன செய்யப்போறன் எண்டது. அவர் ஆமிக்காரனா இருந்த மனுசன், 1521இல பீரங்கிக் குண்டு காலை முறிச்சது. பிறகு ஸ்பெயினில மன்ரேசா எண்ட ஊரில இருக்கேக்க, குருவிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்த பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, மன்னிப்புக் கிடைச்சதை நம்பேலாமல், உயிரை விடலாமோ எண்டு நினைக்கிற அளவுக்குப் போனவர். அதால அவர் சொன்னால் நான் கேப்பன்.

அந்த ரெண்டாவது படியைத்தான் லிங்க்காரர் விழுங்கிப் போட்டினம். வெளிச்சம் கேட்டால்தானே இது பாவமோ, துக்கமோ எண்டு தெரியும். ஷெல்லுக்குள்ள கை நழுவினது பாவமே இல்லை. அதுக்கு மன்னிப்பு இல்லை, அழுகைதான் வேணும். உண்மையான பிழைக்கும் "என்னை நான் மன்னிச்சிட்டன்" எண்டு நாங்களே தீர்ப்பெழுதுறேல்ல. எங்கட மனச்சாட்சி எங்களைக் குற்றம் சாட்டினாலும் கடவுள் அதைவிடப் பெரியவர் எண்டு யோவான் முதலாம் திருமுகத்தில, மூண்டாம் அதிகாரத்தில கிடக்குது. அவர் தந்ததை வாங்கிக்கொள்ளுறதுதான் எங்கட வேலை. நித்திரையே வராத அளவுக்கு மனசு அமத்தினால் தியானத்தோட நிக்காதேங்கோ, ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்கும் போங்கோ.

அந்த அம்மாவுக்கு நான் கடற்கரை சொல்லேல்ல. "மடுவை நினையுங்கோ அம்மா" எண்டன். மடு மாதா கோயில் ஆவணித் திருவிழா, மர நிழல், தறப்பாள் கொட்டில். உடன சொல்லுறா, "அடுப்புக்கு மூண்டு கல்லு பொறுக்கின இடம் இப்பவும் தெரியும்" எண்டு! பிறகு ஒண்டும் கதைக்கேல்ல. நானும் இடையில வாய் துறக்கேல்ல.

அதால, நானே என்ர குரலில பதிஞ்சு போடப்போறன். புல்லாங்குழல் இல்லை. பக்கத்து வளவுச் சேவல் கூவினாலும் வெட்டமாட்டன், இயேசுவைத் தெரியாதெண்டு மறுதலிச்ச பேதுருவுக்கும் கூவினதுதானே. கண்ணை மூடினால் நீங்கள் எங்க போய் இருப்பியள் எண்டு கீழ எழுதிவிடுங்கோ, அதுகளையும் சேர்ப்பம்.